மயில்துத்தத்தின் உள்ளிருக்கும் ஜலம்

போர்டோ கலவைக்காக உழவர்கள் வாங்கும் மயில்துத்தம், தொட்டால் ஈரமின்றி உலர்ந்திருக்கும் நீலக் கட்டியேயாயினும், அதன் எடையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வெறும் ஜலம் என்பதை நிரூபிக்க ஒரு தராசும் ஒரு பீங்கான் மூசையும் சிறு தீயும் போதும் என்பதே, இரசாயன சாஸ்திரத்தின்மீது எனக்குள்ள மதிப்புக்கு ஒரு பிரதான காரணம்.

வெறும் மூசையை முன்னதாகச் சுட்டு, ஆறவைத்து, நிறுத்துக்கொண்டு, பொடித்த துத்தம் 2.50 கிராமை அதிலிட்டு மெல்லச் சூடேற்றினால், நீலம் ஓரங்களிலிருந்து வெளிறத் தொடங்கி, முடிவில் சாம்பல் கலந்த வெண்பொடியே எஞ்சும். இங்கே அவசரம் ஆகாது. தீ மிகுந்துவிட்டால் உப்பே சிதைந்து கந்தகப் புகை வெளியேற, பொடி கறுத்துக் கணக்கு பாழாகும். திறந்த வெளியில் ஆறவிட்டாலோ, வெண்பொடி காற்றின் ஈரத்தைப் பருகி மறுபடியும் நீலம் பாரிக்கும். ஆதலால், ஈரம் புகாத மூடுகலத்தில் ஆறவைத்து நிறுப்பதும், மீண்டும் சுட்டு நிறுப்பதுமாக, அடுத்தடுத்த இரு நிறைகள் ஒத்துவரும்வரை பொறுத்திருத்தல் வேண்டும்.

எஞ்சியது 1.60 கிராம் எனில், அகன்ற ஜலம் 0.90 கிராம், நூற்றுக்கு 36. பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். ரசமான பகுதியோ இதற்கு அப்பால்தான் இருக்கிறது. 0.90ஐ நீரின் மூலக்கூறு நிறையாகிய 18ஆல் வகுத்தால் 0.05 மோல், 1.60ஐ நீரற்ற மயில்துத்தத்தின், அதாவது நீரற்ற தாமிர சல்பேட்டின், நிறையாகிய 159.6ஆல் வகுத்தால் 0.01 மோல், ஆகவே ஒன்றுக்கு ஐந்து. கண்ணால் காணவியலாத மூலக்கூறுகளைத் தராசுத் தட்டு எண்ணிக் கொடுத்துவிட்டது!

அந்த ஐந்தும் ஒரே நிலையில் இருப்பவையல்ல. 1934இல் பீவர்ஸ், லிப்சன் என்னும் விஞ்ஞானிகள் எக்ஸ்-கதிர்களைக் கொண்டு ஆராய்ந்தபோது, நான்கு நீர் மூலக்கூறுகள் தாமிரத்தைச் சூழ்ந்து நிற்பதும், ஐந்தாவது தனித்து ஹைட்ரஜன் பிணைப்பால் கட்டுண்டிருப்பதும் தெரியவந்தன. வெளியேறுவதும் ஒருங்கே நிகழ்வதில்லை: ஏறத்தாழ 63 டிகிரி சென்டிகிரேடில் இரண்டும், 109இல் இரண்டும் விலக, கடைசி ஒன்று 200 டிகிரி வரையில் பிடிவாதமாகத் தங்கியிருக்கும்.

ஆகவே 150 டிகிரியிலேயே நிறை மாறாதிருக்கக் கண்டு, வேலை முடிந்தது என்று எண்ணும் மாணவனுக்கு எஞ்சுவது 1.78 கிராம், அதை நீரற்ற உப்பெனக் கொண்டு அவன் கணக்கிட்டால் விகிதம் 3.6 என்று பின்னமாக வரும். ஒரு ஜலம் இன்னும் உள்ளே இருக்கிறது என்பதை அந்தப் பின்னமே காட்டிக்கொடுத்துவிடும்.