ஏவலுக்கு ஓடும் சிறு லாரி

பிள்ளைகள் தம் கையால் செய்து ஓட்டி மகிழும் வண்டிகளுள் மிக எளியது நுங்கு வண்டி. நுங்கு எடுத்த பனங்காய்கள் இரண்டை ஒரு குச்சியின் இரு முனைகளிலும் செருகி, நீண்ட கவைக்கோலால் தள்ளினால் வண்டி உருண்டோடும். அங்கே கவைக்கோல் இரு தொழில்களைச் செய்கிறது. ஓடுவதற்கு வேண்டிய ஆற்றலை அளிப்பதும் அதுவே. திரும்ப வேண்டிய திசையைக் காட்டுவதும் அதுவே. இவ்விரு தொழில்களையும் பிரித்து, ஆற்றலை வண்டியினுள்ளேயே வைத்து, ஏவலை மட்டும் வானொலி அலையின் வழியே அனுப்பினால், தொடாமலே ஓட்டத்தக்க வண்டி கிடைக்கும். இம்முறையில் சிறு லாரிகளை வீட்டிலேயே செய்து ஓட்டுதல் இக்காலத்தில் பல நாடுகளில் விரும்பப்படும் பொழுதுபோக்காக விளங்குகிறது.

அலையால் ஏவும் கலை புதியதன்று. நிக்கோலா டெஸ்லா என்னும் அறிஞர், 1898ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரில் நடந்த மின்சாரப் பொருட்காட்சியில், நீர்த்தொட்டியில் ஒரு சிறு படகை மிதக்கவிட்டு, கம்பித் தொடர்பு ஏதுமின்றி அதனை இயக்கிக் காட்டினார். அவ்வாண்டு நவம்பர்த் திங்களிலேயே அதற்குக் காப்புரிமையும் பெற்றார். 1937ஆம் ஆண்டில், வால்டர் குட், வில்லியம் குட் என்னும் அமெரிக்க இரட்டையர், தாமே செய்த சிறு விமானத்தை வானொலி அலையால் ஏவிப் பறக்கவிட்டனர். அந்நாளில் வால்வுகளும் கனத்த பாட்டரிகளும் தேவைப்பட்டன. டிரான்சிஸ்டர் தோன்றிய பின்னரே கருவிகள் சிறுத்து, எளியோர் கைக்கும் எட்டின.

சிறு லாரி செய்வோர் பலர் கைக்கொள்ளும் அளவு, உண்மை லாரியின் பதினான்கில் ஒரு பங்கு ஆகும். நீளம் பதினான்கில் ஒரு பங்கானால் எல்லாமே பதினான்கில் ஒரு பங்காகும் என்று எண்ணுதல் பிழை. நீளம் 14இல் ஒன்றாகும்போது பரப்பு 196இல் ஒன்றாகும். பருமனோ 2,744இல் ஒன்றாகும். ஆகவே, 7,000 கிலோகிராம் எடையுள்ள லாரியின் உறுப்புகள் அனைத்தையும் அதே பொருள்களால் இவ்வளவிற்குச் சுருக்கிச் செய்தால், சிறு லாரியின் எடை ஏறத்தாழ இரண்டரைக் கிலோகிராமே இருக்கும். ஒரு சட்டம் முறியாமல் தாங்கும் இழுவிசை அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. அப்பரப்பு எடையைப்போல் அத்துணை விரைவாகக் குறைவதில்லை. அதனாலேயே பெரிய லாரிக்கு எஃகுச் சட்டம் வேண்டியிருக்க, சிறு லாரிக்கு மெல்லிய அலுமினியப் பட்டையோ ஒட்டுப்பலகையோ போதுமானதாகிறது.

ஆனால், எடைக் குறைவால் நன்மையேயன்றித் தொல்லையும் உண்டு. கெட்டியான வில்களை அமைத்தால், அவற்றை அழுத்தும் அளவுக்கு வண்டிக்குக் கனம் இராது. சிறு கல்லின்மீது ஏறினும் சக்கரம் தரையை விட்டு எழும்பி, பிடிப்பிழந்து வீணே சுழலும். இதனை அறிந்தவர் மெல்லிய வில்களை அமைப்பர். கனமான பாட்டரியைச் சட்டத்தின் நடுவே தாழ்வாகப் பொருத்துவர். உருவத்தைச் சுருக்கினால் மட்டும் போதாது. எதனை எவ்வளவு சுருக்கலாம் என்று ஆராய்ந்து செய்தலே இக்கலையின் உயிர் எனலாம்.

மோட்டாரின் விரைவும் இவ்வாறே ஆராய்தற்குரியது. மோட்டார் நிமிடத்திற்கு 15,000 முறை சுழல்வதாகவும், லாரிச் சக்கரத்தின் குறுக்களவு 7 சென்டிமீட்டர் என்றும் கொள்க. சக்கரம் ஒரு முறை சுழன்றால் வண்டி 22 சென்டிமீட்டர் செல்லும். மோட்டாரை நேரே சக்கரத்தோடு பிணைத்தால், கணக்கின்படி வண்டி மணிக்கு 198 கிலோமீட்டர் வேகத்தில் பாய வேண்டும். உண்மையிலோ அது திணறும்; மேடு கண்டால் நின்றுவிடும்; மோட்டார் சூடேறிக் கெடும். விரைவு மிகுந்திருந்தும் சுழற்றும் வலிமை குறைந்திருப்பதே இதற்குக் காரணம்.

இக்குறையை நீக்குவன பற்சக்கரங்கள். 12 பற்களையுடைய சக்கரம் 36 பற்களையுடைய சக்கரத்தைச் சுழற்றினால் விரைவு மூன்றில் ஒன்றாகும். உராய்வால் சிறிது குறைவுபடினும் வலிமை ஏறத்தாழ மும்மடங்காகும். இத்தகைய இணைகள் இரண்டும், 12க்கு 60 என அமைந்த இணை ஒன்றும் அடுத்தடுத்துச் சேர்ந்தால் விரைவு 45இல் ஒன்றாகக் குறையும். அப்பொழுது வண்டி மணிக்கு ஏறத்தாழ 4.4 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரியைப் பதினான்கில் ஒரு பங்காகச் சுருக்கிக் காணும் வேகம் இதுவேயாம். அவ்வேகத்தில் அது பாரம் இழுத்து மேடும் ஏறும். விரைவை விட்டுக்கொடுத்தே வலிமையைப் பெற இயலும் என்னும் உண்மையை, செய்பவர் தம் கையாலேயே உணர்கின்றனர்.

இனி, ஏவல் எவ்வாறு செயலாகிறது என்பதைக் காண்போம். முன் சக்கரங்களைத் திருப்பும் கருவிக்குச் சர்வோ என்று பெயர். ஏவற் கருவியிலுள்ள பிடியை அசைத்தால், அச்செய்தி அலையாகச் சென்று வண்டியிலுள்ள ஏற்கும் கருவியை அடைகிறது. அக்கருவி நொடிக்கு ஏறத்தாழ 50 முறை சர்வோவுக்குச் சிறு மின்துடிப்புகளை அனுப்புகிறது. துடிப்பு ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு நேரம் நீடித்தால் ‘நேரே நில்’ என்பது பொருள். அந்நேரம் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் ஒரு புறமும், இரு பங்காக மிகுந்தால் மறுபுறமும் திரும்ப வேண்டும். சர்வோ தன் அச்சு அப்பொழுது எந்நிலையில் உள்ளது என்பதை ஓர் உணர்கருவியால் அறிந்து, ஏவப்பட்ட நிலையோடு ஒப்பிட்டு, வேறுபாடு நீங்கும்வரை தன்னைத் திருத்திக்கொள்கிறது. கல் மோதிச் சக்கரம் விலகினும், மீண்டும் உரிய நிலைக்கு வர முயல்கிறது.

முற்காலக் கருவிகள் பல 27 மெகாஹெர்ட்சு அலைகளைப் பயன்படுத்தின. அவ்வலையின் நீளம் ஏறத்தாழ 11 மீட்டர். ஆதலின் நீண்ட வான்கம்பி வேண்டியிருந்தது. ஒரே அலைவரிசையில் இருவர் ஓட்டினால், ஒருவர் ஏவல் மற்றவர் வண்டியைக் குழப்பும். இன்று பெரிதும் வழங்கும் 2.4 கிகாஹெர்ட்சு அலையின் நீளம் பன்னிரண்டரைச் சென்டிமீட்டரே ஆதலால், விரலளவு கம்பி போதுமானது. ஒவ்வோர் ஏவற் கருவிக்கும் தனி அடையாளம் இருப்பதால், பலர் ஒரே இடத்தில் ஓட்டினும் வண்டிகள் தத்தம் தலைவரையே அறிந்து பணிகின்றன.

ஆயினும், தொலைவினாலோ பழுதினாலோ ஏவல் எட்டாமற் போதல் உண்டு. அப்பொழுது வண்டி தானே நின்றுவிட வேண்டும். நில்லாது ஓடும் சிறு வண்டியும் குழந்தையின் காலில் மோதக்கூடும்; சாலையில் புகுந்து பிறர்க்கு இடர் விளைக்கக்கூடும். ஆகவே, பொறுப்புடையோர் வண்டியை முதலில் ஒரு கட்டையின்மேல் ஏற்றி, சக்கரங்கள் தரையில் படாதவாறு நிறுத்திச் சுழலவிடுவர். பின் ஏவற் கருவியை அணைத்து, சக்கரங்கள் நிற்கின்றனவா என்று சோதிப்பர். ஓட்டத் தொடங்கும்போது ஏவற் கருவியை முதலிலும் வண்டியை அடுத்தும் இயக்குவர். முடிக்கும்போது வண்டியை முதலில் அணைப்பர். ஓடச்செய்தல் திறமை, உரிய நேரத்தில் நிற்கச்செய்தல் கடமை.

1970ஆம் ஆண்டில் சோவியத்து நாடு லூனாகோது என்னும் எட்டுச் சக்கர வண்டியை நிலவில் இறக்கி, பூமியிலிருந்தே ஓட்டியது. ஆற்றல் வண்டியில், ஏவல் அலையில் என்னும் அதே நெறியே அங்கும் பயன்பட்டது. அத்தகைய அரும்பெரும் செயல்களின் அடிப்படையை, முற்றத்தில் ஓடும் சிறு லாரியைச் செய்பவரும் கற்கின்றனர். கடையில் வாங்கிய வண்டி நின்றுவிட்டால் வாங்கியவர் அதனை மூலையில் இடுவர். தாமே செய்த வண்டி நின்றுவிட்டால், பல் தேய்ந்ததோ, கம்பி விட்டதோ, பாட்டரி வற்றியதோ என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து, காரணத்தைக் கண்டு, மீண்டும் ஓட்டுவர். அவ்வாறு மீண்டும் ஓடத் தொடங்கும் வண்டி தரும் மகிழ்ச்சியை விலை கொடுத்துப் பெறுதல் இயலாது.