எண்ணை இலக்கங்களாகப் பிரித்தல்

ஆறாயிரத்து நூற்று எழுபத்து நான்கு என்னும் தொகையை நாம் 6174 என்றே எழுதிப் பழகிவிட்டபடியால், அந்த நான்கு இலக்கங்களும் அத்தொகைக்குள் இயற்கையாகவே அமைந்திருக்கின்றன என்றும், வேண்டும்போது அவற்றைத் தனித்தனியே எடுத்துக்கொள்ளலாம் என்றும் எண்ணிவிடுகிறோம். கம்ப்யூட்டரோ இதே தொகையைத் தன் நினைவகத்தில் 1100000011110 என்று, ஒன்றும் பூஜ்யமுமாகவே வைத்திருக்கிறது. அந்த வரிசையில் ஆறும் ஏழும் நான்கும் எங்கேயும் தென்படுவதில்லை. களத்தில் குவிந்து கிடக்கும் நெல் இத்தனை மரக்கால் என்பது அளந்து பார்த்தால்தான் தெரியும் என்பதுபோல, பத்து என்னும் அளவைக்கொண்டு வகுத்துப் பார்த்தபிறகே ஒரு தொகையின் இலக்கங்கள் வெளிப்படுகின்றன.

பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கிய சி மொழியில் இதற்கென இரண்டு குறிகள் இருக்கின்றன. முழு எண்களுக்கிடையே '/' என்னும் குறியை இட்டால், பின்னம் முழுவதும் நீங்கிய ஈவு கிடைக்கும். '%' என்னும் குறியை இட்டால் மீதி மட்டும் கிடைக்கும். 6174 % 10 என்பது 4. 6174 / 10 என்பது 617. அந்த 617-ஐ மறுபடியும் அவ்வாறே வகுத்தால் மீதி 7, ஈவு 61. பின்னர் மீதி 1, ஈவு 6. கடைசியாக மீதி 6, ஈவு பூஜ்யம். ஈவு பூஜ்யமானதும் காரியம் பூர்த்தியாகிறது.

இம்முறையில் ஒன்றின் ஸ்தானம் முதலிலும் ஆயிரத்தின் ஸ்தானம் இறுதியிலும் வந்து, இலக்கங்கள் 4, 7, 1, 6 என்று தலைகீழாகவே கிடைக்கும். அவற்றை நேர்ப்படுத்த இரண்டு மார்க்கங்கள் உண்டு. கிடைத்த இலக்கங்களை ஓர் அணியில் வரிசையாகச் சேமித்துவைத்துப் பின்னிருந்து படிப்பது ஒன்று. மற்றொன்று, ஒரு செயற்கூறு தன் ஈவைத் தன்னிடமே மறுபடி ஒப்படைத்து, அந்த ஈவின் இலக்கங்களெல்லாம் அச்சான பிறகே தன் கையிலுள்ள மீதியை அச்சிடுவது. பிரையன் கெர்னிகனும் ரிட்சியும் சேர்ந்து 1978-இல் வெளியிட்ட சி மொழி நூல் இவ்விரண்டையுமே எடுத்துக் காட்டுகிறது. மீதியாக வரும் 4 ஒரு மதிப்பேயன்றித் திரையில் தோன்றும் எழுத்தன்று என்பதையும் மறத்தலாகாது. ஆஸ்கி அட்டவணையில் '0' என்னும் எழுத்தின் எண் 48 ஆதலால், 4-உடன் அதைக் கூட்டிவரும் 52-ஏ '4' என்னும் எழுத்தாகும்.

புதிதாகக் கற்போர் இடறும் இடங்கள் பெரும்பாலும் இரண்டு. முதலாவது பூஜ்யம். எண் பூஜ்யமாகாதவரை வகுக்குமாறு மடக்கின் தலையிலேயே நிபந்தனையை வைத்துவிட்டால், 0 என்று கொடுத்தபோது ஓர் இலக்கமும் வராது. ஒருமுறை செய்தபிறகே நிபந்தனையைச் சோதிக்கும் 'டூ-வைல்' மடக்கு இக்குறையைத் தீர்க்கிறது. இரண்டாவது குறை எண். 1999-ஆம் ஆண்டுத் தரநிர்ணயத்தின்படி மீதி, வகுபடும் எண்ணின் குறியையே ஏற்கும். ஆகையால் -6174 % 10 என்பது -4. முதலிலேயே எண்ணை நேர் எண்ணாக்கிவிடலாமே என்றால், 32 பிட் அளவுள்ள முழு எண்ணில் -2147483648 அடங்குமேயன்றி, அதற்கு நேரான 2147483648 அடங்காது. ஆகவே குறை எண்ணாகவே வகுத்துக்கொண்டுபோய், வரும் ஒவ்வொரு மீதியின் குறியையும் மாற்றிக்கொள்வதே பிழையற்ற வழி.

மகாராஷ்டிரத்தின் தேவலாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கணித மேதை கப்ரேகர், 6174 என்னும் எண்ணின் விசேஷத்தை 1949-இல் சென்னையில் நடைபெற்ற கணித மாநாட்டில் எடுத்துரைத்தார். எல்லா இலக்கங்களும் ஒன்றேயாக இல்லாத எந்த நான்கிலக்க எண்ணின் இலக்கங்களையும் இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் அமைத்துக் கழித்து, வரும் விடையையும் அவ்வாறே செய்துகொண்டுபோனால், ஏழு படிகளுக்குள் 6174 வந்தே தீரும். பிறகு 7641 - 1467 மீண்டும் 6174 ஆகவே நிற்கும். இடையில் 999 என்று விடை வருமாயின், அதை 0999 என்று நான்கு இலக்கங்களாகவே கொள்ளவேண்டும். ஆதலால் இங்கே ஈவு பூஜ்யமாகும்வரை என்னும் நிபந்தனை உதவாது. சரியாக நான்கு முறை வகுத்தாகவேண்டும்.

சி மொழியைக் கற்கத் தொடங்கியிருக்கும் இளைஞர்கள் கப்ரேகரின் இந்தக் கணக்கைத் தாமே புரோகிராமாக எழுதி, தமக்குப் பிடித்த ஓர் எண்ணைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கவேண்டும். வகுத்தலும் மீதியும் கைவந்துவிட்டால், எண்களைப் பற்றிய எத்தனையோ புரோகிராம்களை அச்சமின்றி எழுதலாம்.