கல்லுக்குள் உயிர்!

'ஃபைண்டிங் நீமோ' படம் 2003-ல் வந்தாலும் வந்தது, ஆரஞ்சும் வெள்ளையுமா பட்டை போட்ட அந்தக் குட்டி மீன் மேல உங்களுக்கும் ஒரு கண்ணு இருக்கும். கொளத்தூர் மீன் கடைகள் பக்கம் ஒரு ரவுண்டு அடிச்சா, கை தானா பாக்கெட்டுக்குப் போகும். கொஞ்சம் பிரேக் போடுங்க பாஸ்! கடல் தொட்டி வைக்கணும்னா முதல்ல வாங்க வேண்டியது மீன் இல்லை... கல்லு!

ஆமாங்க, 'லைவ் ராக்'. பேரைக் கேட்டு மிரளாதீங்க, கல்லுக்கு உயிர் எல்லாம் கிடையாது. பவள உயிரிகள் தலைமுறை தலைமுறையா கட்டி வெச்சுட்டுப் போன சுண்ணாம்புக் கூடுதான் அது. உள்ளே ஸ்பாஞ்ச் மாதிரி ஆயிரம் ஓட்டை. அந்த ஓட்டைகள்ல குடியிருக்கிற பாக்டீரியா, புழு, பாசி கும்பலுக்குத்தான் உயிர். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், இப்படிப்பட்ட கற்களை வெச்சுத் தொட்டி நடத்துற வித்தையை 1961-லேயே எழுதிட்டார்.

தொட்டியின் துப்புரவுத் துறை

அப்படி என்ன பெரிய வேலை பார்க்குது இந்தக் கல்லு? மீன் கழிவு, மிச்சத் தீனி எல்லாம் அழுகினா அமோனியா வரும். மீனுக்கு அது சுத்த விஷம். ஒரு குரூப் பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். அடுத்த குரூப் அதை நைட்ரேட் ஆக்கும். இது பரவாயில்லை ரகம். காத்து எட்டாத உள் ஓட்டைகள்ல இருக்கிற மூணாவது குரூப், நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே அனுப்பிடும். மூணு ஷிஃப்ட்டு, ஞாயித்துக்கிழமைகூட லீவு கிடையாது!

இந்தப் படை ரெடியாகாத தொட்டியில நீமோவை விட்டா, சில நாள்லயே ஆள் காலி.

'க்யூரிங்'னா என்ன?

சிவில் பசங்களுக்கு க்யூரிங்னா கான்க்ரீட்டுக்குத் தண்ணி ஊத்துறது. மீன் தொட்டி ஆளுங்களுக்கு வேற அர்த்தம். கடல்லேர்ந்து எடுத்த கல்லு பெட்டியில அடைபட்டு வரும்போது, மேல ஒட்டியிருக்கிற ஸ்பாஞ்சும் புழுவும் செத்துப்போகும். அப்படியே தொட்டியில போட்டா, அழுகி அமோனியா குபுகுபுனு ஏறும்.

அதனால தனியா ஒரு பிளாஸ்டிக் டப்புல உப்புத் தண்ணி ஊத்தி, கல்லை ஊற வைப்பாங்க. நாத்தமடிக்கிற பகுதியை பிரஷ்ஷால தேய்ச்சு எடுத்துட்டு, மோட்டார் போட்டுத் தண்ணியை ஓட விடுவாங்க. லைட் வேண்டாம், இருந்தா வேண்டாத பாசிதான் வளரும். வாரா வாரம் தண்ணி மாத்தணும். டெஸ்ட் கிட்ல அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டற வரைக்கும் இதே கதைதான். நாலு வாரமும் ஆகலாம், எட்டு வாரமும் ஆகலாம்.

ஆனா, இங்கேதான் ட்விஸ்ட்!

வெளிநாட்டுப் புத்தகங்களைப் படிச்சுட்டு, 'அண்ணே, கடல் கல்லு பத்து கிலோ'னு கடையில கேட்டுடாதீங்க. 2001-ல் கடினப் பவளங்கள் எல்லாத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில சேர்த்தாச்சு. அதாவது, சட்டத்தின் கண்ணுல பவளமும் புலியும் ஒரே வரிசை! உயிரோட இருந்தாலும் சரி, செத்த கூடா இருந்தாலும் சரி. மாட்டினா மூணு வருஷத்துலேர்ந்து ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில். 2022-ல் வந்த திருத்தத்துக்கு அப்புறம் அபராதமும் குறைஞ்சது 25,000 ரூபாய். வித்தவருக்கு மட்டுமில்ல, வாங்கினவருக்கும் சிக்கல்தான்.

'ஒரு கல்லுக்கா இவ்வளவு அலப்பறை?'னு கேக்குறீங்களா? மன்னார் வளைகுடாவுக்கு வாங்க. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவுல 21 தீவுகள். 1986-ல் இங்கே கடல்சார் தேசியப் பூங்கா அறிவிச்சாங்க. அதுக்கு முன்னாடி பல வருஷமா, சுண்ணாம்புக்காகவும் கட்டட வேலைக்காகவும் பவளப்பாறைகளை வெட்டி வெட்டி எடுத்தாங்க. விளைவு? பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற ரெண்டு தீவுகள் இன்னிக்குத் தண்ணிக்குள்ள. பாறை வெட்டினது அதுக்கு முக்கியமான காரணம்னு சொல்றாங்க. அலையோட வேகத்தைக் குறைச்சுக் கரையைக் காப்பாத்துறது பாறை. மீன் குஞ்சுகள் ஒளிஞ்சு வளர்றதும் அங்கதான். அது போனா, வலை வீசுற அண்ணன்மாருக்கும் பொழப்பு போகும்.

அமெரிக்காவுலயும் இதே கதைதான். ஃப்ளோரிடாவை ஒட்டிய மத்திய அரசுக் கடற்பகுதியில, இயற்கையான லைவ் ராக் எடுக்க 1997-லேர்ந்து தடை. அங்கே என்ன பண்றாங்க தெரியுமா? குவாரிக் கல்லைக் குத்தகைக்கு எடுத்த கடல் தரையில போட்டு வைக்கிறாங்க. வருஷக்கணக்குல அதுல உயிர்கள் குடியேறினதும் எடுத்து விக்கிறாங்க. கல்லையும் பயிர் பண்றாங்க பாஸ்!

அப்ப நம்ம தொட்டிக்கு?

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, கடைகள்ல கிடைக்கிற செயற்கைக் கல் அல்லது செராமிக் கல். இன்னொண்ணு, நாமே செய்யறது. சிமென்ட் ஒரு பங்கு. கோழித் தீவனத்துக்கு விக்கிற கிளிஞ்சல் குருணையும் கல்லுப்பும் சேர்த்து மூணு, நாலு பங்கு. தண்ணி தெளிச்சு, புட்டு மாவு மாதிரி பிசைஞ்சு, ஈர மணல்ல குழி பறிச்சு அதுல அமுக்குங்க. கையில க்ளவுஸ் கட்டாயம், சிமென்ட் தோலை அரிச்சிடும். ரெண்டு நாள் கழிச்சு எடுத்து நல்ல தண்ணியில போட்டா, உப்பு கரைஞ்ச இடமெல்லாம் ஓட்டை ஆகிடும்.

இப்பத்தான் சிவில் க்யூரிங் கைகொடுக்குது! புது சிமென்ட்டோட பி.ஹெச். 12-க்கு மேல இருக்கும், மீன் தாங்காது. வாரக்கணக்குல தண்ணி மாத்தி மாத்தி ஊற வைங்க. புதுத் தண்ணியில ரெண்டு மூணு நாள் கிடந்த பிறகும் பி.ஹெச். 8.4-ஐத் தாண்டலைன்னா கல்லு ரெடி.

அடுத்தது, கல்லுக்கு உயிர் கொடுக்கிற படலம். ஆர்.ஓ. தண்ணியில கடல் தொட்டிக்கான உப்பைக் கலந்து அடர்த்தி 1.025-க்குக் கொண்டுவாங்க. கல்லை அடுக்குங்க. நல்லா ஓடுற கடல் தொட்டி வெச்சிருக்கிற ஃப்ரெண்டுகிட்ட ஒரு பிடி மணலோ, பழைய ஃபில்டர் பஞ்சோ வாங்கிப் போடுங்க. இல்லைன்னா பாட்டில் பாக்டீரியா இருக்கு. அவங்களுக்குச் சாப்பாடு? மீன் மார்க்கெட்லேர்ந்து ஒரே ஒரு இறால்! அது அழுகி அமோனியா ஏறும், இறங்கும். அப்புறம் நைட்ரைட் ஏறும், இறங்கும். ரெண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் தலைகாட்டினா, பாதித் தண்ணியை மாத்திட்டு முதல் மீனை விடலாம். ஒண்ணே ஒண்ணு மட்டும்!

கடைக்குப் போறதுக்கு முன்னாடி...

* 'இந்தக் கல்லு எங்கேருந்து வந்தது?'னு கேளுங்க. 'நம்ம கடல்தான் தம்பி'னு பதில் வந்தா, அடுத்த செகண்டே ஜூட்.

* 'ஃபாரின் சரக்கு'னு சொன்னா பேப்பரைக் காட்டச் சொல்லுங்க. உலக அளவுலயே கடினப் பவள வியாபாரத்துக்கு 'சைட்ஸ்' ஒப்பந்தப்படி அனுமதிச் சீட்டு வேணும்.

* பூ மாதிரி, மூளை மாதிரி வடிவம் தெரியற கல்லு பவளமா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. தொடாதீங்க.

* மீனும் தொட்டியில பிறந்ததான்னு கேளுங்க. க்ளவுன் மீனைத் தொட்டியிலயே இனப்பெருக்கம் செய்யற முறையை, மண்டபத்துல இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் உருவாக்கியிருக்கு.

* சென்னை வெயில்ல தண்ணி 30 டிகிரியைத் தாண்டும். 25, 26-ல் நிறுத்த சில்லர் வேணும், பட்ஜெட்ல சேர்த்துக்கோங்க. ஆவியான அளவுக்கு நல்ல தண்ணி மட்டும் ஊத்துங்க. உப்பு ஆவியாகாது!

கிட்டத்தட்ட ஒரு செமஸ்டர், வெறும் கல்லைப் பார்த்துட்டு உட்காரணும். 'மீனே இல்லாத தொட்டிக்கு எதுக்குடா கரன்ட் பில்லு?'னு வீட்டுல அர்ச்சனை விழும். தாங்கிக்கோங்க பாஸ். பிற்பாடு கல்லு ஓரமா ஒரு ஊதாத் திட்டு முளைச்சா, அது சுண்ணாம்புப் பாசி. கடல்லேர்ந்து எதையும் உடைக்காமலே உங்க கல்லுக்கு உயிர் வந்தாச்சுனு அர்த்தம்!