குளிரைவிட ஈரமே பகை: புறக்கடைக் கோழிகளின் மார்கழி

ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களின் எல்லைகளும் நெருங்கிவரும் சித்தூர் மாவட்டத்துக் கோடியில் குப்பம் அமைந்துள்ளது. தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர் இது. கடல் மட்டத்திலிருந்து 650 மீட்டருக்கும் மேல் உயர்ந்த மேட்டுநிலம் ஆதலால், சென்னையின் மார்கழியை மட்டுமே அறிந்தவர்களுக்கு இவ்வூர் மார்கழி புதிதாகவே இருக்கும். விடியற்காலையில் பனிமூட்டம் வயலை மூடிக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழையின் கடைசித் தூறலும் வாடைக்காற்றும் ஒன்றுசேர்ந்து வரும் நாள்களும் உண்டு.

2022ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இரவு மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்த மாண்டஸ் புயல் அத்தகைய நாள்களைக் கொண்டுவந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினர் ஒருவருக்குக் கோழி வளர்ப்புக்காகச் சிறு கடன் வழங்கியிருந்தேன். அவர் 30 கிராமப்பிரியா குஞ்சுகளை வாங்கியிருந்தார். கடன் தொகையைப் பெற்றுக்கொண்டு புறப்பட்டவரிடம், “குளிர் வருகிறதம்மா, கூண்டைக் காற்றுப் புகாமல் நன்றாக மூடி வையுங்கள்” என்று அறிவுரையும் சொல்லி அனுப்பினேன்.

புயல் ஓய்ந்தபின் ஆய்வுக்குச் சென்றபோது 13 குஞ்சுகளே எஞ்சியிருந்தன. “நீங்க சொன்ன மாதிரியே மூடி வெச்சேன் சார்” என்றார் அவர். அவர் குரலில் குறை கூறும் தொனி இல்லை. அதுவே எனக்குப் பெருங்குறையாகப் பட்டது. தார்ப்பாயை விலக்கிப் பார்த்தேன். உட்புறமெங்கும் நீர் முத்துக்கள் கோத்திருந்தன. குனிந்து கூண்டுக்குள் தலையை நீட்டியவுடன் கண்கள் எரிந்தன. உடன் வந்த கிராமக் கால்நடை உதவியாளர், “குளிர் பாதி, இந்தக் காற்றும் ஈரமும் பாதி” என்று சுருக்கமாகச் சொன்னார். இழந்த குஞ்சுகளுக்கான தவணையை அந்த அம்மையார் பால் விற்ற பணத்திலிருந்து கட்டினார். நான் அறியாமல் சொன்ன ஒரு சொல்லுக்கு அவர் கொடுத்த விலை அது. அதன்பின் நான் கேட்டும் கண்டும் கற்றவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோழி எவ்வாறு குளிரைத் தாங்குகிறது?

கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ். இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு, அவற்றிற்கிடையே காற்றைச் சிறைப்பிடித்து, அதையே போர்வையாக்கிக்கொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு. உறைபனி விழும் நாடுகளிலும் கோழிகள் குளிர்காலத்தைக் கடப்பது இதனால்தான். குப்பத்தின் குளிர் வளர்ந்த கோழியைக் கொல்வதில்லை. ஆனால் இறகு நனைந்தால் அந்தப் போர்வை பயனற்றுப் போகிறது.

ஈரம் மழையிலிருந்து மட்டும் வருவதில்லை. கோழி விடும் மூச்சில் ஈரம் உண்டு; எச்சத்தில் முக்கால் பங்கு நீரே. முற்றிலும் மூடிய கூண்டில் இந்த ஈரம் வெளியேற வழியின்றிக் கூரையில் படிந்து, சொட்டி, தரையை நனைக்கிறது. நனைந்த எச்சத்திலிருந்து அம்மோனியா வாயு எழுகிறது. அது கண்ணையும் மூச்சுக்குழலையும் புண்ணாக்கிச் சளி நோய்க்கு வாசல் திறந்துவிடுகிறது.

மூடவும் வேண்டும், திறக்கவும் வேண்டும்

கோழி உட்காரும் உயரத்தில் நேரடியாக வாடை வீசக் கூடாது. கோழியின் தலைக்கு மேல் காற்று நடமாட வேண்டும். விதி இவ்வளவுதான். கூண்டின் பக்கங்களைக் கீழிருந்து முக்கால் உயரம் வரை சாக்கினாலோ தார்ப்பாயினாலோ மறைத்து, கூரையை ஒட்டி ஒரு சாண் இடைவெளியை இருபுறமும் விட்டுவைக்கலாம். அந்த இடைவெளியில் கம்பிவலை அடித்துவிட்டால் கீரியும் பூனையும் நுழையா. வெயில் ஏறியதும் மறைப்பைச் சுருட்டி மேலே கட்டிவிட வேண்டும்.

தரையில் இரண்டு மூன்று அங்குல உயரத்துக்கு உமி அல்லது வேர்க்கடலைத் தோலைப் பரப்பலாம். வேர்க்கடலை விளையும் இப்பகுதியில் இதற்குச் செலவு குறைவு. நாள்தோறும் கிளறிவிட்டு, நனைந்த பகுதியை அள்ளி எறிந்து, உலர்ந்ததைச் சேர்க்க வேண்டும். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாகத் திரளும் கூளம் ஈரமானது, உதிர்ந்துவிடுவது நல்லது. இரவில் கோழிகள் தரையில் படுக்காமல் இருக்க இரண்டு அங்குல அகலமுள்ள மரச்சட்டத்தைக் குறுக்கே பொருத்தினால், அவை தம் கால்விரல்களை வயிற்று இறகால் மூடி அமரும்.

குஞ்சுகளின் கணக்கு வேறு

இறகு முளைக்காத குஞ்சுக்கு மேற்சொன்ன போர்வை இல்லை. முதல் வாரத்தில் அதற்கு 35 பாகை அளவு வெப்பம் தேவை. பிறகு வாரத்துக்கு ஏறத்தாழ 3 பாகை வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். 50 குஞ்சுகளுக்கு 100 வாட் குண்டு பல்பு ஒன்று போதும். அட்டை அல்லது தகரத்தால் ஒன்றரை அடி உயர வட்டத் தடுப்பு அமைத்து, அதன் நடுவே பல்பைத் தொங்கவிட வேண்டும்.

வெப்பமானி இல்லையென்றாலும் குஞ்சுகளே சொல்லிவிடும். பல்பின் அடியில் குவிந்தால் குளிர்கிறது என்று பொருள். விளிம்பிற்கு ஓடி வாய் திறந்து மூச்சிரைத்தால் வெப்பம் மிகுதி. ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வீசுகிறது. சமமாகப் பரவி இருந்தால் நாமும் நிம்மதியாக உறங்கலாம். குளிரில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும்போது அடியில் உள்ளவை நசுங்கி மூச்சுத்திணறி இறக்கும். மழை இரவில் மின்சாரம் நின்றுவிட்டால் வெந்நீர் நிரப்பிய புட்டிகளைச் சாக்கில் சுற்றித் தடுப்புக்குள் வைக்கலாம். மூடிய அறையில் கரியடுப்பை வைப்பது குஞ்சுக்கும் மனிதருக்கும் ஆபத்து.

தீவனமும் வெளிச்சமும்

குளிரில் உடலைச் சூடாக வைக்கக் கோழி கூடுதலாக உண்ணும். மாலையில் அடைவதற்கு முன் ஒரு கை மக்காச்சோளமோ கேழ்வரகோ போட்டால், இரவெல்லாம் அது செரிக்கும்போது உடலில் வெப்பம் பிறக்கும். காலையில் வெதுவெதுப்பான நீர் வைப்பது நல்லது. நீர் குளிர்ந்திருந்தால் கோழி குறைவாகக் குடிக்கும், முட்டையும் குறையும்.

மார்கழியில் முட்டை குறைவதற்குப் பகல் சுருங்குவதும் ஒரு காரணம். இடும் கோழிக்கு நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். இக்காலத்தில் நம் பகுதியில் பகல் பன்னிரண்டு மணி நேரம்கூட இல்லை. விடியலுக்கு முன் ஒரு சிறு விளக்கை எரியவிட்டால் குறை ஓரளவு தீரும்.

வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பு மருந்தை முதல் வாரத்தில் சொட்டாகவும், எட்டாம் வார அளவில் ஊசியாகவும் கால்நடை மருத்துவமனையின் வழிகாட்டலோடு போட்டுவிட வேண்டும். திடீரெனப் பல கோழிகள் இறந்தால் வெறுங்கையால் தொடாமல், விற்காமல், உடனே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் நெல்லூர் மாவட்டத்திலும், 2025 பிப்ரவரியில் கோதாவரி மாவட்டங்களிலும் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டதை மறக்கலாகாது.

கடனும் காலமும்

ஐதராபாத்தில் உள்ள கோழி ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய கிராமப்பிரியா, புறக்கடையில் ஆண்டுக்கு 160 முட்டைகள் வரை தரக்கூடியது. நாட்டுக்கோழி தருவது 50 முதல் 70. பெட்டையாக வளரக்கூடிய 10 குஞ்சுகள் ஓர் இரவில் இறந்தால், இழப்பு குஞ்சுகளின் விலை மட்டுமன்று. ஓராண்டின் 1,600 முட்டைகளும் ஆகும். வணிகவியல் படித்த நான் இந்தக் கணக்கை முன்பே போட்டிருக்க வேண்டும்.

2018-19 நிதிநிலை அறிக்கையின்படி உழவர் கடன் அட்டை வசதி கால்நடை வளர்ப்புக்கும் விரிவாக்கப்பட்டது. தீவனம், மருந்து, மின்சாரம் போன்ற நடைமுறைச் செலவுகளுக்கு இக்கடன் உதவும். கடன் கேட்கும்போது, குஞ்சு எந்த மாதத்தில் வாங்குவது என்பதையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். ஆகஸ்டு, செப்டம்பரில் வாங்கினால் மார்கழிக்குள் இறகு முளைத்துவிடும். பிப்ரவரியில் வாங்கினால் அடுத்த குளிர்காலத்துக்கு முன்பே முட்டையிடத் தொடங்கிவிடும்.

அந்த அம்மையார் அடுத்த பிப்ரவரியில் மீண்டும் 30 குஞ்சுகள் வாங்கினார். இம்முறை நான் அறிவுரை ஏதும் சொல்லவில்லை. கூண்டைக் காட்டுவதற்கு அவரே அழைத்துச் சென்றார். கூரையை ஒட்டி இருபுறமும் ஒரு சாண் இடைவெளி இருந்தது. குனிந்து தலையை உள்ளே நீட்டினேன். கண் எரியவில்லை, உலர்ந்த உமியின் மணம் மட்டுமே வந்தது.