தொலைவிலிருக்கும் திரையும் ஒட்டிக்கொண்ட விசையும்

சென்னையில் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது கணிப்பொறி. திருநெல்வேலியில் வீட்டில் அமர்ந்தபடியே அதை இயக்கி, இணையத்தில் ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறார் ஒரு மாணவர். திரை ஆமை வேகத்தில் நகர்கிறது. ஓர் எழுத்தை ஒருமுறை அழுத்தினால் ஏழு எழுத்துகள் விழுகின்றன. 'டபிள்யூ' விசையைத் தட்டினார்; அரை மணி நேரம் நிரப்பிய பக்கமே மூடிக்கொண்டது! பேய் வேலையா? இல்லை. இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்று பார்த்தால் மர்மம் விலகிவிடும்.

இவ்வகை மென்பொருள்களில் பெயர்பெற்றது வி.என்.சி. 1990-களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் உருவானது. இதில் இரண்டு போக்குவரத்துகள் நடக்கின்றன. அங்கிருந்து திரையின் படம் வருகிறது. இங்கிருந்து விசைகளைப் பற்றிய செய்தி போகிறது. நாம் காண்பது அங்குள்ள திரையை அல்ல, சற்று முன்பு அது இருந்த நிலையின் படத்தைத்தான்.

முதலில் படத்தை எடுத்துக்கொள்வோம். 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையில் ஏறத்தாழ 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள். ஒவ்வொன்றின் நிறத்துக்கும் 24 பிட் என்றால், ஒரே ஒரு முழுப்படம் சுமார் 50 மெகாபிட். வினாடிக்கு 10 மெகாபிட் செல்லும் இணைப்பில் அது வந்துசேர 5 வினாடி பிடிக்கும். ஆகவே மாறிய பகுதிகளை மட்டும் செவ்வகங்களாக வெட்டி, சுருக்கி அனுப்புகிறார்கள். ஒரே நிறப் பரப்பு நன்றாகச் சுருங்கும். புகைப்படம் அவ்வளவாகச் சுருங்காது. அங்குள்ள திரையின் பின்னணியில் இயற்கைக் காட்சி இருந்தால் அதை நீக்கி ஒற்றை நிறம் வையுங்கள். நிறத்தை 8 பிட்டாகக் குறைத்தால் சுமை மூன்றில் ஒன்றாகும். ஆனால் இரண்டு கணிப்பொறிகளும் ஒரே கட்டடத்தில் இருந்தால் சுருக்காமல் அனுப்புவதே சில சமயம் வேகமாக இருக்கும். சுருக்குவதற்கும் நேரம் வேண்டுமன்றோ?

குழாய் குறுகலாக இருப்பது வேறு, நீளமாக இருப்பது வேறு. கணிப்பொறி சென்னையில் இல்லாமல் லண்டனில் இருந்தால், இடைத்தூரம் 8,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் செல்லும். போய்வரக் குறைந்தது 80 மில்லிவினாடி. நடைமுறையில் இன்னும் அதிகம். நிறத்தைக் குறைத்த பின்பும் தட்டிய எழுத்து தாமதித்தே தோன்றினால், காரணம் பெரும்பாலும் இந்த வகைத் தாமதமே. அதற்கு எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை.

இனி விசைகள். அழுத்துவது ஒரு செய்தி; விடுவிப்பது இன்னொரு செய்தி. முதற்செய்தி போய், இரண்டாவது வழியில் சிக்கிக்கொண்டால், விசையை நாம் அழுத்தியபடியே இருப்பதாக அந்தக் கணிப்பொறி எண்ணிக்கொள்ளும். அழுத்தியே பிடித்த எழுத்தைத் திரும்பத் திரும்ப இடுவது அதன் வழக்கம். ஏழு எழுத்துகள் வந்த கதை இதுதான். சென்னைக் கணிப்பொறியில் இந்தத் திரும்ப இடும் வசதியை நிறுத்திவிட்டால் போதும்.

பக்கம் மூடிக்கொண்டது இதன் அண்ணன். கண்ட்ரோல் விசையை அழுத்திய நிலையில் மாணவர் தம்முடைய வேறொரு சாளரத்துக்குத் தாவிவிட்டார். விசையை விட்டது அந்தச் சாளரத்துக்குத்தான் தெரியும், சென்னைக்குத் தெரியாது. திரும்பி வந்து 'டபிள்யூ' தட்டியதும் அது 'கண்ட்ரோல் டபிள்யூ' ஆனது, அதாவது பக்கத்தை மூடும் கட்டளை. தொலைத் திரைக்குத் திரும்பும்போதெல்லாம் கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் விசைகளை இரு பக்கமும் ஒருமுறை தட்டிவிடுவது நல்ல பழக்கம். வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் விட்டுப்போன 'விடுவித்தேன்' செய்தி அப்போதுதான் போய்ச்சேரும்.

இன்னொரு சங்கடம், விசைப்பலகையின் அமைப்பு. அமெரிக்க அமைப்பில் ஷிஃப்ட்டுடன் 2-ஐ அழுத்தினால் '@' வரும். பிரிட்டிஷ் அமைப்பில் மேற்கோள் குறி வரும். இரு முனைகளிலும் அமைப்பு வேறுபட்டால் குறி மாறிப்போகலாம். தமிழ் 99 போன்ற அமைப்புகளை இரண்டு பக்கமும் இயக்காமல், அங்கே மட்டும் இயக்கி, இங்கே ஆங்கிலத்தில் விட்டுவைப்பது குழப்பத்தைத் தவிர்க்கும். கடவுச்சொல் கட்டத்தில் வெறும் புள்ளிகள்தான் தெரியும் என்பதால், தவறு நடந்தது தெரியாமலே சில முறை முயன்று கணக்கு பூட்டப்பட்டுவிடுவது உண்டு. அங்கே வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து '@', '#' போன்ற குறிகளை மட்டும் தட்டிப் பாருங்கள். சரியாக விழுந்தால் அழித்துவிட்டு, பிறகு கடவுச்சொல்லை இடலாம்.