தராசு மாறினும் தளராதவர்கள்

குத்துச்சண்டை என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் முகஞ்சுளிக்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. முரடர் இருவர் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளும் கூத்து என்பது அவர்தம் எண்ணம். வடசென்னையில் வளர்ந்த நம் பெரியவர்களோ வியாசர்பாடியிலும் ராயபுரத்திலும் இக்கலைக்கு இருந்துவரும் செல்வாக்கை நன்கறிவர். இவ்விரு சாராரும் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்று இவ்விளையாட்டில் உண்டு. ஓர் எடைப்பிரிவில் வாகை சூடியவர் வேறொரு பிரிவுக்குச் சென்று அங்கும் வெல்வதே அது. ஊர் பெயர்ந்து விஜயபுரத்திலும், சித்தூர், திருப்பதி வட்டாரங்களிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு அதில் ஒரு படிப்பினை உண்டெனக் கருதியே இதனை எழுத முற்பட்டோம்.

குத்துச்சண்டையில் எவரும் எவருடனும் மோதிவிட இயலாது. ஒத்த எடையினரே ஒருவரையொருவர் எதிர்க்கலாம். ஒலிம்பிக் முதலிய பந்தயங்களில், சண்டை நடைபெறும் நாளன்று காலையில் வீரர் தராசில் ஏறி நிற்றல் வேண்டும். புகைவண்டி நிலையத்துப் பார்சல் தராசில் மூட்டையின் எடை மிகுந்தால், கூடுதல் கட்டணம் செலுத்தி அனுப்பிவிடலாம். அந்தச் சலுகை இந்தத் தராசில் இல்லை.

"இரண்டு மூன்று கிலோ என்ன பெரிது?" என்று நேயர்கள் வினவலாம். மேற்பிரிவில் நிற்பவர் பெரும்பாலும் உயரமானவர். நீண்ட கைகளை உடையவர். அவருடைய குத்து முந்தி வந்து சேரும், கனமாகவும் இறங்கும். கீழிருந்து வருபவர் அந்தக் கைகளைக் கடந்து உட்புகுந்தாலன்றி அடிக்கவே முடியாது. ஆகவே பிரிவு மாறுதல் என்பது வயிறார உண்டு எடை கூட்டும் காரியம் அன்று. கால் நகர்த்தலையும் வேகத்தையும் புதிதாகப் பழகும் காரியமாகும்.

இதற்குத் தலைசிறந்த சான்று மணிப்பூரைச் சேர்ந்த மேரி கோம் அம்மையார். காங்கதேய் என்னும் சிற்றூரில், வயலில் உழைக்கும் பெற்றோருக்குப் பிறந்தவர். 1998-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் மணிப்பூர் வீரர் டிங்கோ சிங் பொற்பதக்கம் பெற்ற செய்தி இவருள் ஆர்வத்தை மூட்டிற்று. வீட்டாருக்குத் தெரிவியாமலே பயின்று, 2000-ஆம் ஆண்டில் மாநிலப் பட்டம் வென்றார். பத்திரிகையில் வெளிவந்த மகளின் படத்தைக் கண்ட பின்னரே தந்தை விஷயம் அறிந்தார்; முதலில் சினந்தவர், பின்னர் மனம் இசைந்தார்.

2001-இல் உலகப் போட்டியில் 48 கிலோப் பிரிவில் வெள்ளிப்பதக்கம் பெற்றார். 2002-இல் 45 கிலோவிலும், 2005, 2006, 2008 ஆகிய ஆண்டுகளில் 46 கிலோவிலும், 2010-இல் 48 கிலோவிலும் உலகப் பட்டம் இவரை வந்தடைந்தது. இடையில் 2007-இல் இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயானார் என்பதையும் நினைவில் கொள்ளுதல் நலம்.

2012-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பெண்கள் குத்துச்சண்டை இடம் பெற்றது. ஆனால் 51, 60, 75 கிலோ என மூன்றே பிரிவுகள். ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற மேரி கோமின் எடைக்கு அங்கே இடமில்லை! அவர் முறையிட்டுக்கொண்டு வீட்டில் அமர்ந்திருக்கவில்லை. 51 கிலோவுக்கு ஏறினார். உயரமானவர்களைச் சமாளிக்க ஆண்களுடனும் பயிற்சிச் சண்டையிட்டார். இலண்டனில் அரையிறுதியில் இங்கிலாந்தின் நிக்கோலா ஆடம்ஸிடம் தோற்று, வெண்கலப்பதக்கத்துடன் திரும்பினார். 2014-இல் அதே 51 கிலோவில் ஆசிய விளையாட்டுப் பொற்பதக்கம் பெற்றார். பின்னர் மீண்டும் 48 கிலோவுக்கு இறங்கி, 2018-இல் புது தில்லியில் ஆறாவது உலகப் பட்டத்தை வென்றார்.

அண்டை மாநிலமாம் தெலங்காணாவின் நிஜாமாபாதில் பிறந்த நிகத் ஜரீனின் கதை எதிர்த் திசையில் செல்கிறது. 2022 மே மாதம் இஸ்தான்புல்லில் 52 கிலோவில் உலகப் பட்டம் பெற்றார். பாரிஸ் ஒலிம்பிக்கிலோ 52 கிலோப் பிரிவு இல்லை. 50 கிலோவே இருந்தது. அவர் எடையைக் குறைத்து, 2023-இல் புது தில்லியில் 50 கிலோவிலும் உலகப் பட்டம் வென்றார். அசாமின் லவ்லினா போர்கோஹெய்ன், டோக்கியோ ஒலிம்பிக்கில் 69 கிலோவில் வெண்கலம் பெற்றவர். அப்பிரிவு பாரிஸ் பட்டியலினின்று நீக்கப்படவே, 75 கிலோவுக்கு ஏறி 2023-இல் உலகப் பட்டத்தைக் கைக்கொண்டார். 2024-இல் பாரிஸில் இருவருமே பதக்கமின்றித் திரும்பினர். எனினும் பிரிவு மாறி வென்ற பெருமை குறையாது.

தொழில்முறைக் குத்துச்சண்டையில் அமெரிக்கரான ஹென்றி ஆம்ஸ்ட்ராங், 1937, 1938 ஆகிய ஆண்டுகளில் 126, 135, 147 ராத்தல் பிரிவுகளின் பட்டங்களை வென்று, மூன்றையும் ஒரே வேளையில் தம்மிடம் வைத்திருந்தார். பிலிப்பைன்ஸ் நாட்டு மானி பக்கியாவோ 1998-இல் 112 ராத்தல் பிரிவில் தொடங்கி, 2010-இல் 154 ராத்தல் பிரிவு முடிய எட்டுப் பிரிவுகளில் உலகப் பட்டம் பெற்றார். எண்ணிப் பார்க்கவே வியப்பு மேலிடுகிறது.

வியப்பின் மறுபுறம் அபாயமும் உண்டு. விரைவில் எடை குறைக்க விழைவோர், நீர் அருந்தாமலும் வியர்வை சிந்தியும் உடலை வற்றச் செய்கின்றனர். 1997-இல் அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்த வீரர் மூவர் இம்முயற்சியில் உயிரிழந்தனர். 53 கிலோவில் போட்டியிட்டு வந்த மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட், 2024-இல் பாரிஸில் 50 கிலோவில் இறுதிச் சுற்றை எட்டினார். அன்று காலை தராசு 100 கிராம் மிகுதி காட்டிற்று. இரவெல்லாம் விழித்து உழைத்தும், தலைமயிரைக் கத்தரித்தும் பயனின்றித் தகுதி இழந்தார்.

இவர்களுள் மூவர் தாமாக விரும்பித் தராசை மாற்றியவர் அல்லர். மேரி கோமுக்கும் நிகத்துக்கும் லவ்லினாவுக்கும் பட்டியலை வகுத்தோர் வேறு யாரோ. நமக்கும் அஃதே. தறி வேலைக்கோ, இரயில் உத்தியோகத்துக்கோ, வாணிபத்துக்கோ ஊர் பெயர்ந்தோம். நம் பிள்ளைகள் தெலுங்கில் பாடம் கற்கின்றனர். கற்ற தொழிலும் உழைப்பும் உடன் வருவதால், புது அளவுக்கு நம்மைப் பழக்கிக்கொள்ளுதல் இயலும். ஆனால் அதற்குக் காலம் வேண்டும். ஓரிரவில் செய்ய முயன்றால் உடலும் உள்ளமும் தாங்கா.

எனவே உங்கள் மகனோ மகளோ கையுறை வேண்டுமெனக் கேட்டால், உடனே மறுத்துவிட வேண்டா. பயிற்சியாளரை நேரில் கண்டு, "எங்கள் பிள்ளை எந்தப் பிரிவில் நிற்பது? எடை கூட்டவோ குறைக்கவோ எத்தனை மாதம் கொடுப்பீர்கள்? மருத்துவர் எவர் பார்ப்பார்?" என்று கேளுங்கள். தெளிவான விடை கிடைத்தால் மனமுவந்து அனுப்புங்கள். கிடைக்காவிடில் வேறு பயிற்சிக்கூடம் தேடுதலே பெற்றோர் கடன்.