ஒரு துளிக் குருதி சொல்லும் செய்தி

நுழையும்முன்
உடலின் பணிகள் பலவற்றையும் நடத்துபவை புரதங்கள். ஒரு புரதத்தில் நேரும் சிறு மாற்றம் நோயாகிறது. அம்மாற்றமே நோயை அறியும் அடையாளமாகவும் மருந்து தேடும் வழியாகவும் அமைகிறது. ஹீமோகுளோபினைச் சான்றாகக் கொண்டு இதனை விளக்குகிறது இப்பாடம்.

முட்டையும் குருதியும்
நாமக்கல் வட்டாரக் கோழிப் பண்ணைகளிலிருந்து முட்டைகள் தமிழகத்தின் சத்துணவுக் கூடங்களுக்குச் செல்கின்றன. முட்டையை வேகவைத்தால் நீர்போன்ற வெண்கரு கட்டியாகிறது. வெளியிலிருந்து எதுவும் சேரவில்லை. வெப்பத்தால் புரதத்தின் மடிப்புக் குலைந்தது, அவ்வளவே. வடிவம் மாறினால் புரதத்தின் தன்மையும் மாறும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுவதில்லை.

நம் குருதிக்குச் செந்நிறம் தருவதும் ஒரு புரதமே. நுரையீரலில் ஆக்சிஜனைப் பெற்று உடலெங்கும் கொண்டு சேர்க்கும் அதன் பெயர் ஹீமோகுளோபின். இரண்டு ஆல்பா, இரண்டு பீட்டா என நான்கு சங்கிலிகளால் ஆனது. ஆல்பா சங்கிலியில் 141, பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் மணிகளைப்போல் கோக்கப்பட்டுள்ளன. ஒரு சிவப்பணுவில் மட்டும் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் உள்ளன.

ஒரு மணி மாறினால்
பீட்டா சங்கிலியின் ஆறாம் இடத்தில் இருக்கவேண்டியது குளுட்டாமிக் அமிலம். சிலருக்குப் பிறப்பிலேயே அவ்விடத்தில் வாலின் அமைந்துவிடுகிறது. வாலின் நீரை விலக்கும் இயல்புடையது. அதனால், ஆக்சிஜனை இறக்கிவைத்த ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. வட்டமான சிவப்பணு, நெல்லறுக்கும் கதிர் அரிவாள்போல் வளைகிறது. வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைக்கக் கடும்வலி உண்டாகிறது. 120 நாள் வாழவேண்டிய அணுக்கள் விரைவில் அழிவதால் சோகையும் சேர்கிறது. இதுவே கதிர் அரிவாள் இரத்தச்சோகை.

1949இல் லைனஸ் பாலிங்கும் அவர்தம் குழுவினரும், இந்நோயாளரின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு வேகத்தில் நகர்வதைக் கண்டு, இதனை 'மூலக்கூறு நோய்' என்றனர். மூன்றாண்டுகளில் அவ்வாய்வு தமிழ்நாட்டைத் தொட்டது. 1952இல் லேமன், கட்புஷ் ஆகியோர் நீலகிரிப் பழங்குடியினரிடையே இம்மரபுக்கூறு இருப்பதை வெளியிட்டனர்.

அடையாளமாகும் புரதம்
நோயின் இருப்பையோ நிலையையோ அளந்தறிய உதவும் உடற்பொருளை உயிர்க்குறிப்பான் என்பர். ஹீமோகுளோபினின் அளவு குறைந்தால் சோகை உண்டென அறியலாம். அதனோடு ஒட்டிய சர்க்கரையின் விழுக்காடு, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சர்க்கரை நிலையைக் காட்டும். அதன் வகையை ஆராய்ந்தால் கதிர் அரிவாள் நோய் வெளிப்படும். எனவே, அளவை மட்டும் கண்டு எல்லாச் சோகையையும் இரும்புச்சத்துக் குறைவெனக் கொள்ளுதல் பிழையாகும்.

இலக்காகும் புரதம்
மருந்து எதன்மேல் செயற்பட வேண்டுமோ அதுவே மருந்து இலக்கு. கருவிலுள்ள குழந்தைக்கு வேறுவகை ஹீமோகுளோபின் உண்டு. அது இழையாகத் திரள்வதைத் தடுக்கும். பிறந்தபின் அதன் உற்பத்தி அடங்கிவிடுகிறது. ஹைட்ராக்ஸியூரியா என்னும் மருந்து அவ்வுற்பத்தியை மீண்டும் பெருக்குகிறது. அதனை அடக்கிவைப்பது பிசிஎல்11ஏ என்னும் மற்றொரு புரதம். குருதியாக்கும் செல்களில் அப்புரதத்தைக் குறைக்கும் மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கு 2023இல் பிரிட்டன் ஒப்புதல் அளித்தது.

இலக்கை அறிந்ததும் வெற்றி உறுதியாகிவிடுவதில்லை. ஹீமோகுளோபினையே நேரடியாகப் பற்றும் வாக்ஸெலோட்டர் 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பின்வந்த தரவுகளில் நன்மை தீங்கைவிட மிகுதியாக இல்லையெனக் கருதி, 2024இல் அதனை விற்றுவந்த நிறுவனமே திரும்பப் பெற்றது. பிழையை ஒப்புக்கொண்டு திருத்திக்கொள்வதும் அறிவியலின் இயல்பே.

அறிதலே முதல் மருந்து
2023 ஜூலை 1 அன்று தேசியக் கதிர் அரிவாள் இரத்தச்சோகை ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பெற்றது. தமிழ்நாடு உள்ளிட்ட 17 மாநிலங்களில், பழங்குடியினர் மிகுந்த பகுதிகளில் 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது அதன் நோக்கம். சேலம், நாமக்கல் சமவெளியைச் சூழ்ந்த சேர்வராயன், கொல்லி மலைகளிலும் பழங்குடியினர் வாழ்கின்றனர். மலையிலிருந்து சமவெளிப் பள்ளிக்கு வந்து பயிலும் நண்பர் நம் வகுப்பிலும் இருக்கலாம்.

பெற்றோர் இருவரிடமிருந்தும் மாறிய மரபணுவைப் பெற்றவர் நோயாளர். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் தாங்கி. தாங்கி நோயாளர் அல்லர். கடுமையான மலேரியாவிலிருந்து அக்கூறு அவரைக் காக்கவும் செய்கிறது. தாங்கியர் இருவர் மணந்தால் ஒவ்வொரு மகப்பேற்றிலும் குழந்தைக்கு நோய்வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. ஆகவே மணத்திற்கு முன்னரே அறிதல் நன்று. ஆனால், 'குலக்குறை' எனப் பேசும் ஊர்வாய்க்கு அஞ்சிப் பரிசோதனையைத் தவிர்ப்போர் உண்டு. மாறியது ஓர் அமினோ அமிலமே, மனிதரின் மதிப்பன்று. இதனை நாம் உணர்ந்து பிறர்க்கும் உணர்த்தினால், ஒரு துளிக் குருதி சொல்லும் செய்தி உரிய காலத்தில் உரியவரைச் சென்றடையும்.

கற்பவை கற்றபின்...
1. 'தாங்கி', 'நோயாளர்' – வேறுபாட்டை உம் வீட்டாருக்கு விளக்கும் வகையில் பத்து வரிகள் எழுதுக.
2. குருதிப் பரிசோதனை குறித்து மக்களிடையே நிலவும் அச்சங்களைத் தொகுத்து, வகுப்பில் கலந்துரையாடுக.